எட்டாம் எண்ணுக்குப் போன பாஸ்கள்

செவ்வாய்க்கிழமை மதியம் வைடோடாஸ் மருந்துக்கடைக்கு வந்தபோது வரிசையில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டார்கள். அவன் முன்னால் போகவில்லை. பூட்ஸிலிருந்து பனி உருகிச் சொட்ட, கதவருகே கடைசி ஆளாக நின்றான்.

"என்னப்பா சாம்பியன், முழங்காலுக்குத் தைலமா?" என்றார் இருமல் மருந்துக்கு வந்திருந்த ஒருவர். "ஞாயித்துக்கிழமை உன் ஜெர்சியைக் கூரையில தொங்க விடப் போறாங்களாமே. துவைச்சுட்டு மாட்டச் சொல்லு. கீழ உக்காந்திருக்கிறது நாங்கதான்."

கடை முழுக்கச் சிரித்தது. வைடோடாஸும் சிரித்தான். ஆனால் அவன் மேசைக்குப் பின்னால் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வருவதற்கு முன் எங்கள் ஊர் ஷிலுப்பே கிளப் கூடைப்பந்து லீக்கில் ஆறாவது இடத்தைத் தாண்டியதில்லை. அவனோடு மூன்று சாம்பியன் பட்டங்கள் வந்தன. முதல் கோப்பை வந்த இரவு தீயணைப்பு வண்டியின் மேல் ஆட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினார்கள். மகப்பேறு மருத்துவமனையில் அந்த வாரம் பிறந்த ஆண் குழந்தைகளில் நான்கு பேருக்கு வைடோடாஸ் என்று பெயர் வைத்ததாக நர்ஸ் ஒருத்தி சொன்னாள். அவன் அதிகப் புள்ளி எடுப்பவன் அல்ல. பந்தைக் கொடுப்பவன். அவன் கொடுத்தால் அடுத்தவன் கூடையில் போட்டான். அப்படிப் போடவைக்கும் பாஸுக்கு அசிஸ்ட் என்று பெயர். இருபது வருட ஆட்டத்தில் அவனுக்கு 2417 அசிஸ்டுகள். அதற்கு முன் லீக்கின் சாதனை ஐமுண்டஸ் என்பவருடையது, 2409. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன் வைடோடாஸின் எட்டாம் எண் ஜெர்சியை மரியாதையாக அரங்கத்தின் கூரைக்கு ஏற்றப் போகிறார்கள். துணியில் மூன்று கோப்பைகளும் அவற்றின் கீழே 2417 என்ற எண்ணும் பொன் நூலில் தைக்கப்பட்டிருந்தன. ஐமுண்டஸே நேரில் வந்து அவன் கையில் ஒரு பந்தைக் கொடுப்பதாக ஏற்பாடு.

அந்த 2417-இல் எங்கள் அரங்கத்தில் விழுந்த பாதியைச் சொன்னது என் வாய்.

பகலில் மருந்துக்கடை, ஆட்டம் இருக்கும் மாலைகளில் ஸ்கோர் மேசை, இப்படிப் பதினெட்டு வருடம் இருந்தேன். மேசையில் இரண்டு பேர் வேண்டும். நான் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வேன். ஆல்டோனா தலையே நிமிராமல் கணினியில் தட்டுவாள். "எட்டு, பாஸ். அஞ்சு, ரெண்டு புள்ளி." பார்க்கிறவள் குனிந்தால் ஒரு பந்து தப்பிவிடும். தட்டுகிறவள் நிமிர்ந்தால் ஒரு எண் தப்பிவிடும். அதனால் நாங்கள் இருவரும் ஒரே ஆட்டத்தைப் பாதிப் பாதியாகத்தான் அறிந்திருந்தோம்.

வரிசை முடிந்ததும் வைடோடாஸ் சொன்னான், "அக்கா, பத்து நிமிஷம் உள்ள வர முடியுமா?"

மருந்துப் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் மடிக்கணினியைத் திறந்தான். முதல் கோப்பை ஜெயித்த சீசன், மார்ச் மாதம், எங்கள் அரங்கம். இடது ஓரத்திலிருந்து ஒருவன் முதுகுக்குப் பின்னால் பந்தைத் தள்ளுகிறான். உயரமானவன் அதை வாங்கிக் கூடையில் போடுகிறான்.

"யாரு குடுத்தது?"

"நீ."

"திரும்பப் பாருங்க."

மூன்றாவது தடவைதான் எனக்குத் தெரிந்தது. பந்தைக் கொடுத்தவன் முதுகில் ஆறு என்றிருந்தது. யுர்கிஸ். வைடோடாஸ் களைத்தால் உள்ளே வரும் பையன். சில நேரம் இருவரும் சேர்ந்தே ஆடுவார்கள். ஒரே உயரம், ஒட்ட வெட்டிய ஒரே மாதிரித் தலை. ஆனால் அது சாக்கு. எண் தெளிவாக இருந்தது.

"தாள்ல எனக்குப் போட்டிருக்கு," என்றான். "இது ஒண்ணு. இதே மாதிரி பதினாலு இருக்கு. அந்த சீசனோட பின்பாதி மட்டும்தான் பார்த்தேன், நம்ம அரங்கத்துல நடந்த ஒம்போது மேட்ச்."

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து இலையுதிர் காலம் முழுக்க வீட்டில் இருந்தவன், பொழுது போகாமல் தன் பழைய ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறான். முதலில் ஆசைக்கு. பிறகு தாளை வைத்துக்கொண்டு. இப்போது காலை எழுந்ததும் அதுதான். "என் வீட்டுக்காரி உக்னே சொல்லிட்டா, 'ஒண்ணு அந்தப் பெட்டியை மூடு, இல்ல நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்புறேன்'னு."

"கண்ணு தவறியிருக்குப்பா," என்றேன்.

"பதினாலு போனா 2403. ஐமுண்டஸ்தான் முதல் ஆள், நான் ரெண்டாவது. கிளப் டைரக்டர்கிட்ட சொன்னேன். 'உனக்கு அடக்கம் ஜாஸ்தி'ன்னு முதுகுல தட்டுறாரு. மேசையில இருந்தவங்க எழுதினாத்தான் லீக்குல எடுத்துப்பாங்க. நீங்க எழுதுங்க அக்கா. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி."

"அப்புறமா எழுதினா என்ன?"

"ஐமுண்டஸ் கண்ணைப் பார்த்து அந்தப் பந்தை வாங்கணுமே."

கணினியை மூடினான். எழுந்தவன் திரும்பி நின்றான். "கோப்பைங்களாவது நிஜமா?"

"பந்து வளையத்துல விழுந்துச்சுப்பா. ஊரே பார்த்துச்சு. புள்ளியை எந்த மேசையும் கூட்டிப் போட முடியாது."

அந்த அறையில் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் ஆல்டோனா வீட்டுக்குப் போனேன். அவள் பீட்ரூட் சூப் கிளறிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் கரண்டியை என்னை நோக்கி நீட்டினாள்.

"ஏண்டி ஜிவிலே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சொந்த ஊர்க்காரனுக்கு ஒரு பாஸ் கூடப் போடாத மேசை இந்த நாட்டுல எங்க இருக்கு? ஐமுண்டஸுக்கு யார் போட்டா? அவன் மச்சான்! அவன் தும்மினாக்கூட அசிஸ்ட்டு. பதினாலை இங்க கழிச்சா அங்க நானூறு கழிக்கணும்."

"அது காத்துல இருந்து எடுத்துப் போட்டது. இது யுர்கிஸ்கிட்ட இருந்து எடுத்தது."

"எந்த யுர்கிஸ்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு," என்றேன்.

"ஓ, ஆறா! அப்படிச் சொல்லு. பாவம், கம்மியாத்தான் தட்டுவேன் அவனுக்கு." கரண்டி மெல்ல இறங்கியது. "என் விரல் மேல தப்பு இல்லடி," என்றாள். "நீ சொன்னதைத்தான் தட்டினேன்."

"தெரியும்."

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது ஆற்றுப் பாலத்தில் நின்றேன். ஆறு உறைந்திருந்தது. யுர்கிஸின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். வரவில்லை. வைடோடாஸ் வலது காதைத் தேய்ப்பது வரும், தப்பு செய்தால் கீழுதட்டைக் கடிப்பது வரும். ஆறாம் எண் எங்கோ ஒரு முதுகாக ஓடியது. நான் யாருக்கும் அநியாயம் செய்ய நினைத்ததில்லை. பந்து அந்தப் பக்கமிருந்து அழகாக வந்தால் அது எட்டு என்று என் கண் முடிவு செய்திருக்கிறது. அழகு அவனுக்கு மட்டும்தான் வரும் என்று யார் சொன்னார்கள் எனக்கு? யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். அது தாளில் ஏறியது. தாளைப் படித்து ஊரும் அதையே சொன்னது. ஊர் சொன்னதைக் கேட்டு நான் மறுபடி அதையே பார்த்தேன்.

யுர்கிஸின் அக்கா எங்கள் கடையில்தான் ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறாள். வியாழக்கிழமை அவளிடம் அவனுடைய போன் நம்பரை வாங்கி, சாப்பாட்டு இடைவேளையில் நார்வேக்குப் பேசினேன். அங்கே மீன் வெட்டும் ஆலையில் பதினான்கு வருடமாக இருக்கிறான்.

"யாரு?"

"ஷிலுப்பேல இருந்து ஜிவிலே பேசுறேன்ப்பா. ஸ்கோர் மேசையில..."

"அம்மாவுக்கு என்னாச்சு?"

"அய்யோ, ஒண்ணும் இல்லப்பா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

அவன் மூச்சு விட்டது கேட்டது. பிறகு நான் சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: ஒன்பது ஆட்டம், பதினாலு பாஸ், லீக்குக்கு எழுத வேண்டிய கடிதம், ஞாயிற்றுக்கிழமை. நான் சொல்லி முடித்தபின் அவன் பேசவில்லை. பின்னால் ஆலையின் கன்வேயர் பட்டை ஓடும் இரைச்சல். மௌனத்தில் நெடுநேரம் இருக்கக்கூடியவள் நான். வீட்டில் வானொலிகூட வைத்ததில்லை. அந்த மௌனத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

"யுர்கிஸ்?"

"அப்ப அஞ்சுதான்," என்றான்.

"என்னப்பா?"

"நீங்க மறந்திருப்பீங்க. ஒரு மேட்ச் முடிஞ்சு மேசைகிட்ட வந்தேன். 'அக்கா, இன்னிக்கு நான் அஞ்சு குடுத்தேன் இல்ல?'ன்னு கேட்டேன். நீங்க தாளைப் பார்த்துட்டு 'ரெண்டு'ன்னீங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னீங்க. சரின்னு போயிட்டேன். அதுக்கப்புறம் நான் எண்ணுறதையே விட்டுட்டேன். நமக்குத்தான் எண்ணத் தெரியல போலன்னு."

எனக்கு அது நினைவில் இல்லை. பொய்யாகக்கூட நினைவிருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

"மே மாசம் கோச் கூப்பிட்டாரு. கோப்பை ஜெயிச்சு ரெண்டு வாரம். கழுத்துல மெடல் போட்ட போட்டோ இன்னும் சுவத்துல இருக்கு. அவர் தாளை எடுத்து முன்னாடி வச்சாரு. 'மேட்சுக்கு ஒண்ணு புள்ளி ஒம்போது பாஸ், இத வச்சு நான் என்னடா பண்ண?'ன்னாரு. என்ன பதில் சொல்றது? தாள் சொல்லுது."

"என்னை மன்னிச்சுக்கப்பா."

"மன்னிப்பு இருக்கட்டும். 'எனக்கு ஆட்டம் வரல, அவ்வளவுதான்'னு சொல்லிச் சொல்லி என்னை நானே தூங்க வச்சிருந்தேன் அக்கா. எழுப்பிட்டீங்க. இப்ப நான் என்ன பண்ணணும்? நாப்பது வயசாகப் போகுது. பந்தை எடுத்துக்கிட்டு வரவா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வைடோடாஸுக்குப் பதினாலு போதுமா?" அவன் குரல் இறங்கியது. "பதினாலைக் கழிச்சா அவன் மனசு சுத்தமாயிடும், அப்படித்தானே? எனக்குப் பத்தாது. ரெண்டு சீசன் ஆடினேன். நம்ம அரங்கத்துல நடந்த மேட்ச் முப்பத்தாறு. முழுசா பாருங்க. மொத்தம் எத்தனைன்னு எனக்குச் சொல்லுங்க. நூறுன்னாலும் சரி, அந்தப் பதினாலோட நின்னாலும் சரி. ஆனா நிஜமான நம்பரா இருக்கணும். லீக்குக்கு நீங்க என்ன வேணா எழுதிக்குங்க."

மணி அடித்தது அங்கே. "வேலைக்குப் போகணும்," என்று வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறப்பதற்கு முன் லீக்குக்கு எழுதினேன். இரண்டு சீசன்களின் எங்கள் அரங்கத்து அசிஸ்ட் எண்ணிக்கையை நம்ப வேண்டாம், சொன்னவள் நான், தவறு என்னுடையது, முழுதும் திரும்பப் பார்த்துத் திருத்தம் தருகிறேன், அதுவரை சாதனையை அறிவிக்க வேண்டாம் என்று ஆறு வரி. பதினொரு மணிக்குப் பதில் வந்தது: பரிசீலனை முடியும்வரை சாதனை ஐமுண்டஸ் பெயரிலேயே இருக்கும்.

பன்னிரண்டுக்குக் கிளப்பின் டைரக்டர் வந்தார். வாடிக்கையாளர்கள் முன்னாலேயே பேசினார்.

"நாலாயிரத்து எண்ணூறு டிக்கெட்டும் வித்தாச்சு. அன்னிக்கு நாடே கொடியேத்துற தேசிய தினம். டிவிக்காரன் வர்றான். உங்களுக்கு இப்பதான் ஞானம் வந்துச்சா அம்மா?"

"இப்பதான் பார்த்தேன்."

"பதினெட்டு வருஷம் பார்க்காம அங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அது சரியான கேள்வி. அவர் பதிலுக்கு நிற்கவில்லை. எனக்கு வந்திருந்த விழா அழைப்பிதழைத் திருப்பி வாங்கிவர மாலையில் ஒரு பெண்ணை அனுப்பினார். அவள் கூச்சத்தோடு ஒரு பெட்டி விட்டமின் சி வாங்கிக்கொண்டு போனாள்.

வைடோடாஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். நன்றி என்றான். யுர்கிஸ் சொன்னதையும் சொன்னேன்.

"எல்லாத்தையுமா?"

"முப்பத்தாறையும்."

"நான் அதை நினைக்கவே இல்ல அக்கா," என்றான். "என் நம்பர்ல எது தப்புன்னுதான் பார்த்தேன். அவன் நம்பர் என்னன்னு பார்க்கல."

அன்று மாலையிலிருந்து ஆல்டோனாவின் சமையலறையில் உட்கார்ந்தோம். பழைய முறைதான். நான் சொல்வேன், அவள் தட்டுவாள். ஒரு வித்தியாசம், அவள் இப்போது நிமிர்ந்து பார்க்கலாம். முதல் ஆட்டத்திலேயே கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இவன் இப்படியாடி ஆடுவான்?" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு பந்தையும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, முதுகைப் பார்த்த பிறகே வாய் திறந்தேன். வைடோடாஸ் கண்டுபிடித்த பதினாலும் சரி. அவற்றுக்கு முந்தைய ஆட்டங்களில் இன்னும் ஏழு. ஞாயிறு மதியத்துக்குள் பதின்மூன்று ஆட்டம், இருபத்தொரு பாஸ்.

நான்கு மணிக்குத் தெருவெல்லாம் மூவண்ணக் கொடி. ஐந்தாம் மாடி ஜன்னல் வழியே அரங்கத்தின் சத்தம் வந்தது. முதலில் தேசிய கீதம். பிறகு ஒரு பெரிய இரைச்சல் எழுந்து, பாதியில் என்ன செய்வதென்று தெரியாததுபோல் தணிந்தது.

"டிவியைப் போடவா?" என்றாள் ஆல்டோனா.

"வேண்டாம்."

ஆறரைக்கு வைடோடாஸ் வந்தான். கோட்டுசூட்டில், கை நிறையப் பூங்கொத்துகளோடு. அவற்றைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டான்.

"வாடா மாப்பிள்ளை," என்றாள் ஆல்டோனா. "பொண்ணு எங்க?"

அவன் சிரிக்கவில்லை. அவள் உருளைக்கிழங்கு அடை இரண்டை எடுத்து, மேலே புளித்த க்ரீமை விட்டு அவன் முன் வைத்தாள்.

"எப்படி நடந்துச்சு?" என்றேன்.

"மேல ஏத்தினாங்க. அந்த 2417 மேல ஒரு மஞ்சத் துணி தைச்சு மறைச்சிருந்தாங்க. ஐமுண்டஸ் வரல. ஜுரமாம். டைரக்டர்தான் பந்தைக் குடுத்தாரு, சிரிச்சுக்கிட்டே."

"கைதட்டினாங்களா?"

"தட்டினாங்க. மைக்குல சொன்னேன், நான் கேட்டுத்தான் நீங்க எழுதினீங்கன்னு. யுர்கிஸ் பேரைச் சொன்னேன்." அடையைக் கிள்ளினான். வாயில் வைக்கவில்லை. "பாதிப் பேருக்கு அவன் யாருன்னே தெரியல அக்கா. முன் வரிசையில ஒருத்தன் எழுந்து, 'உன்னைக் காட்டிக் குடுத்த பொம்பளையை நீ ஏண்டா காப்பாத்துற'ன்னு கத்தினான். எல்லாரும் அவனுக்குத் தட்டினாங்க. எனக்குத் தட்டினதைவிட ஜாஸ்தி."

ஆல்டோனா அடுப்பைத் தணித்தாள். தொட்டியில் பூங்கொத்தின் தாள் மெல்ல விரிந்து சரசரக்கும் ஓசை கேட்டது.

"எத்தனை ஆச்சு?" என்றான்.

"இருபத்தொண்ணு. இன்னும் இருபத்திமூணு மேட்ச் இருக்கு."

நாற்காலியை இழுத்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் அடுத்த ஆட்டத்தை ஓடவிட்டேன். அதே சீசனின் நவம்பர் மாதம். அரங்கம் பாதி காலி. கோப்பை வருமென்று அப்போது யாருக்கும் தெரியாது.

நான்காவது நிமிடம் வளையத்தின் கீழ் ஒரு நெரிசல். நாலைந்து கைகளுக்கு நடுவிலிருந்து பந்து தரையோடு தெறித்து வந்தது. பதினொன்றாம் எண் எடுத்துப் போட்டான்.

நிறுத்தினேன். ஓட்டினேன். பார்த்தேன்.

"எட்டு, பாஸ்," என்றேன். "பதினொண்ணு, ரெண்டு புள்ளி."

"இல்ல," என்றான் வைடோடாஸ். "ஆறு."

ஆல்டோனாவின் விரல் நின்றது.

மறுபடி ஓட்டினேன். நெரிசலிலிருந்து முதுகு ஒன்று திரும்பியது. எட்டு. இடது மணிக்கட்டில் வெள்ளைக் கட்டு. அந்த நவம்பரில் கட்டுப் போட்டிருந்தது அவன்தான். யுர்கிஸ் இரண்டடி தள்ளி, பந்து வராத பக்கத்தில் நின்றிருந்தான்.

"நீதான்ப்பா."

"அவன் கையைத் தொட்டுட்டுத்தான் வந்துச்சு."

"தொடல. கட்டைப் பாரு. உன் கை."

குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். இளைய வைடோடாஸ் திரையில் அசையாமல் நின்றான், கீழுதட்டைக் கடித்தபடி.

"ஆறுன்னே போடுங்க அக்கா," என்றான். குரல் கெஞ்சியது. "ஒண்ணுதானே. அவனுக்கு ஒண்ணு ஜாஸ்தியாப் போனா என்ன?"

"அவன் நிஜமான நம்பர் கேட்டான்."

"எனக்கு வேணாம் அது."

"யாராவது ஒருத்தர் சொல்லுங்க," என்றாள் ஆல்டோனா. "நான் யார் சொல்றதைத் தட்டுறது?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். அன்று கடையில், கதவருகே நின்று பார்த்ததைவிட இப்போது பத்து வயது கூடியிருந்தது. ஆறு என்று சொல்லிவிட்டால் அவன் இன்றிரவாவது தூங்குவான் என்று எனக்குத் தோன்றியது. என் நாக்கு அதற்குத் தயாராகவும் இருந்தது. அந்தத் தயார்நிலை எனக்குப் பழக்கமானது.

"எட்டு," என்றேன்.

ஆல்டோனா தட்டினாள். வைடோடாஸ் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டான். அடுத்த பாஸும் அவனுடையதுதான். அதையும் சொன்னேன்.